பத்தரை மணி நேரமும் ஒரு மாட்டுங்காவும்

எங்கள் கம்பெனியில் டிக்கெட் போடுகிற தம்பிக்கு ஒரே கொள்கைதான். எது மலிவோ அது. கோயமுத்தூரிலிருந்து நைரோபிக்கு என்னை அனுப்ப வேண்டுமென்றால் காலை ஆறரைக்கு மும்பை போகிற விமானத்தில் ஒரு டிக்கெட், மாலை ஏழு மணிக்கு மும்பையிலிருந்து கிளம்புவதில் இன்னொரு டிக்கெட். இரண்டும் தனித்தனி. நடுவில் பத்தரை மணி நேரம் நான் என்ன செய்வேன் என்பது அவன் கணக்கில் வராது. "அண்ணா, நாலாயிரம் மிச்சம்ங்க" என்பான். யாருக்கு மிச்சம் என்று கேட்டால் சிரிப்பான்.

நான் நூல் மில் மெஷின்களுக்கு சர்வீஸ் பார்க்கிறவன். நூலை முறுக்கிச் சுற்றுகிற ரிங் ஃப்ரேம்தான் என் வேலை. ஆப்பிரிக்காவில் நாங்கள் ஓட்டிவிட்ட மெஷின்களைப் பார்க்க வருஷத்துக்கு மூன்று நான்கு முறை போக வேண்டியிருக்கிறது. ஆக, மும்பை விமான நிலையத்தில் காத்திருப்பது எனக்கு ஒரு உபதொழில் மாதிரி ஆகிவிட்டது.

முதல் தடவை எல்லோரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். மும்பை வந்துவிட்டு கேட்வே ஆஃப் இந்தியாவைப் பார்க்காமல் போவதா என்று டாக்ஸி பிடித்தேன். விமான நிலையத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. போகும்போதே வெயில் ஏறிவிட்டது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டியது, ஆனால் வேலை முடிந்து திறந்ததென்னவோ 1924-ல். மன்னர் வந்த அன்று அங்கே நின்றது அட்டையில் செய்த மாதிரிதானாம். அவர் பார்த்தது அட்டை. நான் பார்த்தது இருபது நிமிஷம். அதற்குள் டிரைவர் போன் செய்து, "சாப், டிராஃபிக்" என்றார். திரும்பி வர இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. செக்-இன் கவுண்டரில் கடைசி ஆள் நான்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அந்தப் பயத்தில் இரண்டாம் தடவை வெளியே எங்கும் போகவில்லை. டெர்மினல் 2 பார்க்க வேண்டிய கட்டடம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். 2014-ல் திறந்தது. மயில்தோகை மாதிரி மேலே விரிகிற வெள்ளைத் தூண்கள். 'ஜெய ஹே' என்று பெயர் வைத்து ஐயாயிரத்துக்கும் மேலான கலைப்பொருள்களைச் சுவர் நெடுகப் பதித்து வைத்திருக்கிறார்கள். பழைய கதவுகள், சன்னல்கள், தேர்ச் சிற்பங்கள் எல்லாம் உண்டு. இரண்டு மணி நேரம் நன்றாகவே போகும். மீதி எட்டரை மணி நேரத்துக்கு? நாற்காலியில் கோணலாகப் படுத்து, கழுத்து பிடித்துக்கொண்டு, ஒரு காபிக்கு எங்கள் ஊரில் ஒரு குடும்பம் டிபன் சாப்பிடுகிற காசைக் கொடுத்துவிட்டு நைரோபியில் இறங்கினேன். மறுநாள் மில்லில் வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.

மூன்றாம் தடவைதான் புத்தி வந்தது. ரிங் ஃப்ரேமில் டாஃப், அதாவது நிறைந்த நூல் கண்டுகளை எடுக்கிற நேரம், எப்போது விழும் என்று கணக்குப் போடுவோம் இல்லையா, அதே மாதிரி கடைசியிலிருந்து முன்னோக்கிப் போட்டேன். ஏழு மணி விமானத்துக்கு நாலு மணிக்கு டெர்மினலுக்குள் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஊருக்குள்ளிருந்து மூன்று மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். காலையில் இறங்குவது எட்டரை. பெட்டி வந்து, அதைக் கொண்டுபோய்ப் பொருள் பாதுகாப்பு அறையில் போட்டு, வெளியே வர ஒன்பதரை. ஊருக்குள் போய்ச் சேரப் பத்தேகால். கையில் நிற்பது நாலே முக்கால் மணி நேரம்தான். அவ்வளவு நேரத்தில் ஒரு ஊரைப் பார்க்க முடியாது. ஒரு பேட்டையைப் பார்க்கலாம்.

பெட்டியைப் பற்றி ஒன்று. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் கோயமுத்தூரிலேயே பெட்டியைக் கடைசி ஊர்வரை போட்டுவிடுவார்கள். டேக்கில் எந்த ஊரின் எழுத்து இருக்கிறது என்று கவுண்டரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். என்னைப் போலத் தனி டிக்கெட் என்றால் மும்பையில் எடுத்து மறுபடி போட வேண்டும். என் பெட்டியில் டயல் கேஜும் ஸ்பானர்களும் கிடக்கும், பதினெட்டு கிலோ. அதை இழுத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏறினால் மும்பைக்காரர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. உள்நாட்டு விமானத்தில் வருகிற எங்களுக்கு இமிகிரேஷன் சாயங்காலம்தான் என்பதால், காலையில் நேராக நடந்து வெளியே போய்விடலாம். துபாயிலிருந்து வந்து மும்பையில் மாறுகிற நண்பர்களுக்கு உள்ளே வர ஒரு முத்திரை, திரும்பப் போக ஒரு முத்திரை. அவர்கள் கணக்கில் இன்னும் ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பேட்டை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தாதருக்குப் பக்கத்தில் நம்ம ஊர்க்காரர்கள் குடியேறிய மாட்டுங்கா.

முன்பெல்லாம் அங்கே போக டாக்ஸிதான். ஆட்டோக்காரர் வர மாட்டார். மும்பையில் ஆட்டோ மாஹிமோடும் சயனோடும் நின்றுவிடும், அதற்குத் தெற்கே அனுமதி கிடையாது. இப்போது பூமிக்கடியில் மூன்றாம் மெட்ரோ வந்துவிட்டது. 2024 அக்டோபரில் ஒரு பகுதியைத் திறந்தார்கள், 2025 அக்டோபரில் தென்கோடிக் கஃப் பரேட் வரை முழுவதும். 33.5 கிலோமீட்டர், 27 நிலையங்கள், விமான நிலையத்தின் இரண்டு டெர்மினல்களுக்குமே நிலையம் உண்டு. அதிகபட்சக் கட்டணமே 70 ரூபாய். இதில் போனால் கேட்வே பக்கமும் இப்போது பயமில்லாமல் போய்வரலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்தான் போகவில்லை.

தாதரில் இறங்கி, மேலே ஏறி வெளியே வந்து, ரயில் நிலையத்துக்கு நடந்து, மத்திய ரயில்வே பக்கம் லோக்கல் பிடித்தால் மாட்டுங்கா அடுத்த ஸ்டேஷன். ஸ்லோ வண்டியில் ஏற வேண்டும். இப்படிப் போன முதல் தடவை நான் ஃபாஸ்ட்டில் ஏறிவிட்டேன். மாட்டுங்கா பலகை சன்னலுக்கு வெளியே ஓடியே போனது, சயனும் போனது, குர்லாவில்தான் நின்றது. அரை மணி நேரம் நஷ்டம். பக்கத்தில் நின்ற பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எதிர் பிளாட்ஃபாரத்தைக் கை காட்டினான்.

மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கியதும் டிக்கெட் கவுண்டரில் பெண்கள், டிக்கெட் பரிசோதிப்பது பெண்கள், காவலுக்கும் பெண்கள். 2017-லிருந்து இது முழுக்கப் பெண் ஊழியர்கள் நடத்துகிற ஸ்டேஷன், லிம்கா சாதனைப் புத்தகத்தில்கூட ஏறியது. வெளியே வந்தால் பூ வாசனை. மல்லிகை, துளசி, வாழையிலைக் கட்டு, மாவிலை. எதிரே ஒரு குரல்: "எலைய மடக்காதய்யா, கிழிஞ்சிரும்." அதிகாலை நாலு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவனுக்கு, ஆறு மணி நேரம் கழித்து, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி, அந்தக் குரல் காதில் விழுவதை எப்படிச் சொல்ல?

வாழையிலை விற்கிற அக்கா அவர். நான் நின்று பார்ப்பதைப் பார்த்து, "எந்த ஊரு தம்பி?" என்றார்.

"கோயமுத்தூருங்க்கா."

"அந்த 'ங்க'விலேயே தெரியுது. நமக்கு நாங்குநேரிப் பக்கம். பொறந்தது இங்க தாராவிலதான். ஊருக்குக் கோயில் கொடைக்கு மட்டும் போவோம்."

பேச்சு நடுவே ஒரு மராத்தி அம்மாவிடம் மராத்தியில் பேரம் பேசினார், பின்னால் நின்ற குஜராத்திக்காரரிடம் இந்தியில் சில்லறை கேட்டார், மறுபடி என்னிடம் நாங்குநேரிக்குத் திரும்பினார். தாராவியில் பல தலைமுறையாக இருக்கும் தமிழர்களில் பெரும்பகுதி திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். தோல் பதனிடுகிற வேலைக்கு வந்தவர்கள், மில் வேலைக்கு வந்தவர்கள். மாட்டுங்கா வேறு கதை. 1896-ல் பிளேக் வந்து பம்பாய் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தார்கள். அது திட்டம் போட்டு உண்டாக்கிய பேட்டைதான் தாதர்–மாட்டுங்கா. அகலத் தெரு, மரம், நடுவே ஐந்து பூங்கா. ரயில்வேயிலும் ஆபீஸ்களிலும் குமாஸ்தாவாகவும் டைப்பிஸ்டாகவும் வந்த தஞ்சாவூர், பாலக்காட்டுக் குடும்பங்கள் இங்கே குடியேறின. 1932-ல் அவர்கள் தொடங்கிய தென்னிந்தியக் கல்விக் கழகம் இன்றும் பள்ளி, கல்லூரி நடத்துகிறது. நடந்தால் இருபது நிமிஷத் தொலைவில் தாராவி, ஆனால் இரண்டு தமிழுக்கும் இடையே அதைவிடக் கொஞ்சம் அதிகத் தூரம் என்று எனக்குப் பட்டது. அக்காவிடம் கேட்டேன். "அவிய நம்மகிட்டதான எலை வாங்குதாவ" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம், அதற்குத்தானே போனது. ராம் ஆஷ்ரய 1939, கஃபே மெட்ராஸ் 1940, ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942. பத்து நிமிஷ நடையில் மூன்றும் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை கஃபே மெட்ராஸ் பக்கம் போகாதீர்கள், காத்திருப்புக்குள் இன்னொரு காத்திருப்பு ஆகிவிடும். கிழமை நாளில் பத்தரைக்குப் போனால் எதிரே முன்பின் தெரியாதவர் உட்கார்ந்திருக்கிற மேசையில் உங்களுக்கும் இடம் கிடைக்கும். நான் ரச வடையும் காபியும் சொன்னேன். ரசம் நன்றாக இருந்தது. சாம்பார் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: இவை உடுப்பி வழிக் கடைகள், மும்பை உடுப்பிச் சாம்பாரில் வெல்லம் எட்டிப் பார்க்கும். எங்கள் கொங்கு நாக்குக்கு முதல் வாய் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும். மூன்றாம் வாயில் பழகிவிடும். அப்புறம் கோயில் பக்கம் ஒரு சுற்று. கொச்சு குருவாயூர் என்று சொல்கிற ஆஸ்திக சமாஜக் கோயில் இருக்கிறது, வாசலில் நின்று கும்பிட்டாலே போதும். அங்கிருந்து ஃபைவ் கார்டன்ஸில் மரத்தடி பெஞ்சு, அரை மணித் தூக்கம். விமான நிலைய நாற்காலி அதன் கிட்டேகூட வர முடியாது. பன்னிரண்டரைக்கு ராமா நாயக்கில் இலைச் சாப்பாடு. காலையில் அதே அக்காவிடம் வாங்கிய இலையோ என்னவோ.

இதற்கு அடுத்த பயணத்தில் ஒரு தடவை மாட்டுங்காவில் சாப்பிட்டுவிட்டு, பழைய மில் பேட்டையான லோயர் பரேல் போனேன். தொழில் புத்தி. பம்பாயின் முதல் பஞ்சாலை 1854-ல் வந்தது, எங்கள் கோயமுத்தூருக்கு 1888-ல். நமக்கு முன்னோடி ஊர். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது முறைப்படி முடிக்கப்படவே இல்லை என்பார்கள். மில்கள்தான் முடிந்துபோயின. ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று பெரிய மால். புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே எத்தனை ஸ்பிண்டில் ஓடியிருக்கும், பஞ்சை உதிர்க்கிற ப்ளோ ரூம் எந்தப் பக்கம், அதைச் சீவுகிற கார்டிங் எந்தப் பக்கம் என்று மனம் தானாகத் திட்டம் போட்டது. செக்யூரிட்டிக்காரர் வந்து என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்க முடியவில்லை. போட்டோ எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மழைக்காலத்தில் மட்டும் இந்த யோசனை எதுவும் வேண்டாம். ஜூலையில் பெருமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்தால் மாட்டுங்காவை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கமெல்லாம் முழங்கால் தண்ணீர். 2005 ஜூலை 26-ல் விமான நிலையத்தை ஒட்டிய சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த ஊர் இது. வானம் கறுத்தால் உள்ளேயே இருந்து 'ஜெய ஹே' சுவரைப் பாருங்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பும்போது அக்காவிடம் சொல்லிக்கொண்டேன். மத்தியானம் ரயில் வடக்கே காலியாக இருக்கும், அதுவும் ஒரு வசதி. மாலை ஆறுக்கு மேல் அதே வண்டியில் கால் வைக்க முடியாது.

"அடுத்தாப்ல எப்ப தம்பி?"

"ரெண்டு மூணு மாசத்துலங்க்கா. ஊர்லயிருந்து ஏதாச்சும் வேணுமா?"

கொஞ்சம் யோசித்தார். "உடங்குடிக் கருப்பட்டி கிடைச்சா கொண்டாங்க. இங்க விக்கதுல சீனிய கலந்துருதான்."

கோயமுத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் நல்லதாக வருகிறது. ஒரு கிலோ வாங்கி, ஓலைப்பெட்டியோடு செய்தித்தாளில் சுற்றி, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நேற்று டிக்கெட் வந்தது. இந்தத் தடவை தில்லி வழியாக. நடுவில் இரண்டே மணி நேரம்.

"அண்ணா, இதுல ஆறாயிரம் மிச்சம்ங்க" என்றான் தம்பி.