ஆனி முதல் ஆவணி வரை

2025 ஜூன் 16, திங்கள்

விவாகரத்துத் தீர்ப்பு நகல் கைக்கு வந்துவிட்டது. பரஸ்பர சம்மதம், இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவு. முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஆறு மாத அவகாசம் உண்டு. அது கட்டாயமில்லை, நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "சீக்கிரம் முடிக்க மனு போடலாமாம்மா?" என்று அப்போதே வக்கீல் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஆறு மாதத்துக்குள் அழுது தீர்த்துவிடலாம் என்று ஒரு எண்ணம். ஆடிட்டர் ஆபீஸில் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கெடுவை வைத்தே மாதத்தை ஓட்டுகிறவள் வேறு எப்படி யோசிப்பாள்? அழுகைக்கு அந்தக் கெடுவெல்லாம் தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பேங்க், பிஎஃப் எல்லாவற்றிலும் நாமினி இன்னும் அவர்தான். விவாகரத்து ஆனதும் பேங்க் தானாக மாற்றிவிடாது, நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். மதிய இடைவேளையில் போய் அம்மா பெயரைப் போட்டுவிட்டு வந்தேன். உறவுமுறை என்ற கட்டத்தில் 'தாய்' என்று எழுதியபோது நிம்மதியாக இருந்தது. அடுத்தது ரேஷன் கார்டு.

ஜூலை 9, புதன்

நேற்று இரவு தூக்கமே இல்லை. 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் முதலில் கேட்டது, "சாப்டீங்களா?" இல்லை. "அப்ப ஏதாவது சாப்டுட்டே பேசுங்க, நான் இருக்கேன்." பழைய சாதத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டே பேசினேன். எட்டு வருடக் குடித்தனத்தைப் பற்றி அறிவுரை சொல்லாமல் கேட்ட முதல் ஆள் அவர்தான். சித்திகள் எல்லாம் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணியிருக்கலாம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

தாலிக்கொடியைச் சமயபுரம் உண்டியலில் போட்டுவிடு என்கிறாள் அம்மா. பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டி விற்கிறது! மாரியம்மனுக்கு என் நிலைமை தெரியும், கோபிக்க மாட்டாள். விற்றேன். கல்யாணத்தோடு நின்றுபோன சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுண்டன்ட்) படிப்புக்கு மறுபடி பணம் கட்டிவிட்டு, மிச்சத்தைப் போஸ்ட் ஆபீஸில் போட்டேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. "அம்மா மண்டபம் ஒரே கூட்டமா இருக்கும், நீ வீட்லயே இரேன்" என்றாள் அம்மா. கூட்டத்துக்காகச் சொல்லவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் காவிரிப் படித்துறை முழுக்கப் புதுப்பெண்கள் தாலிக்கயிறு மாற்றுவார்கள், கல்யாண மாலையை ஆற்றில் விடுவார்கள். அங்கே நான் என்ன செய்வேன் என்பதுதான் அவள் கவலை. எனக்கும் அதே கவலைதான். இருந்தும் போனேன். சின்ன வயதிலிருந்து போகிற ஆறு, அதைப் புருஷனோடு சேர்த்து யாரும் எனக்குக் கொடுக்கவில்லையே.

காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. ஈர மணலில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டோம். பக்கத்துக் குடும்பத்துப் பாட்டி மஞ்சள் சரடுகளை எல்லாருக்கும் கட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"கழுத்துலயா, கையிலயா?"

"கையில, பாட்டி."

என் முகத்தை ஒரு நொடி பார்த்தார், அவ்வளவுதான். இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, "புளியோதரை இருக்கு, தட்டு எடுத்துட்டு வா" என்றார். அம்மா கட்டியிருந்த தேங்காய் சாதத்தைவிட அது நன்றாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று தம்பி கல்யாணம். நாத்தனார் முடிச்சை யார் போடுவது என்று ஒரு மாதமாக வீட்டில் குசுகுசு. பெரிய அத்தை தன் மகளைத் தயாராகவே வைத்திருந்தாள். நான் சண்டைக்கு நிற்கவில்லை. "நான்தான் அவன் அக்கா, நான்தான் போடுவேன்" என்று ஒரே ஒரு தடவை, அப்பா முன்னால், சாதாரணமாகச் சொன்னேன். போன வருடம் என்றால் கேட்டிருக்கவே மாட்டேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வேற யாரு போடுவா?" என்றார்.

தம்பி முதல் முடிச்சைப் போட்டான். பின்னால் நின்ற எனக்கு மாலைக்கும் ஜடைக்கும் நடுவே கயிறே அகப்படவில்லை. மேளம் காதைப் பிளக்கிறது, அய்யர் அவசரப்படுத்துகிறார். மணப்பெண் தலையைக் குனிந்து, "அண்ணி, எனக்குக் கூச்சமா இருக்கு, சீக்கிரம்" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு முடிச்சையும் போட்டு முடித்தேன்.

நாத்தனார் சீராக ஒரு பட்டுப்புடவை தந்தார்கள். பளீர் கத்தரிப்பூ நிறம், எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பில் வாங்கி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை மாற்ற வேண்டும்.