கோலி என்ற சொல்லுக்கு மூன்று கிளை

தைப்பொங்கலுக்கு ஒரு சிறுகதையோ பத்து நிமிட நாடகமோ எழுத வேண்டும். தாளின் நடுவில் ‘பொங்கல்’ என்று எழுதி வட்டம் போடுகிறோம். கரும்பு, பானை, கோலம், மஞ்சள், மாடு. ஒரு நிமிடத்தில் ஐந்து கிளையும் முடிந்துவிடும். திருநெல்வேலியில் உட்கார்ந்திருப்பவரும் இதே ஐந்தைத்தான் எழுதுவார், மும்பை தாராவியில் இருப்பவரும் இதையேதான். மைண்ட் மேப் (நடுவில் ஒன்றை வைத்து, அதிலிருந்து கிளை கிளையாகச் சொற்களை இழுக்கும் படம்) போட்டும் ஒன்றும் தோன்றவில்லை என்று தாளைக் கசக்குவது இந்த இடத்தில்தான். கோளாறு நடுவில் வைத்த சொல்லில் இருக்கிறது.

நடுவில் ஒரு காட்சியை வையுங்கள். தாராவியின் தொண்ணூறடி ரோட்டின் ஓரம், மூன்று செங்கல், மேலே பானை, பின்னால் ஒரு பெஸ்ட் பஸ் (மும்பையின் நகரப் பேருந்து). ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் கோழி கிளறினது மாதிரி வரைந்தாலும் போதும். ‘பொங்கல்’ என்ற சொல் நாம் ஏற்கெனவே நூறு தடவை சொன்னவற்றையே இழுத்து வரும். படத்தில் பஸ்ஸும் பானையும் ஒரே இடத்தில் நிற்பதால் இரண்டு திசையில் கிளை கிளம்பியே ஆக வேண்டும்.

தாள் ஏ3, படுக்கை வாட்டில், கோடு போடாதது. கிடைக்காவிட்டால் இரண்டு ஏ4 தாளை நீளப் பக்கத்தோடு நீளப் பக்கம் சேர்த்துப் பின்புறம் டேப் ஒட்டினால் அதே அளவு வந்துவிடும். முதன்மைக் கிளைகள் ஐந்திலிருந்து ஏழு வரை. மூன்று நிறப் பேனா போதும். அதற்கு மேல் போனால் யோசிப்பதை விட்டு அலங்காரம் செய்ய ஆரம்பித்துவிடுவோம்.

ஒரு கிளைக்கு ஒரு சொல். 1974-இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் வழியாக இந்த முறையைப் பரவலாக்கிய டோனி பூசன் வற்புறுத்திய விதி இது. தமிழில் இதைக் கடைப்பிடிக்கக் கூடுதல் கவனம் வேண்டும். நம் சொற்கள் உருபையும் காலத்தையும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. ‘பானையிலிருந்து’ என்று எழுதினால் அந்தக் கிளை பொங்கி வழிவதற்கு மட்டும்தான் போகும். ‘பானை’ என்று நிறுத்தினால் குயவர், களிமண், விரிசல், தொப்பை என்று நாலு பக்கம் திறக்கும். ‘கொதித்தது’ வேண்டாம், ‘கொதி’ போதும். அதிலிருந்து கோபத்துக்கும் காய்ச்சலுக்கும் போகலாம். ‘பொங்கப்பானை’ போன்ற கூட்டுச் சொல்லை உடைத்து இரண்டு கிளையாக்குங்கள்.

மும்பைத் தமிழருக்கு இதில் ஒரு தனிச் செல்வம் உண்டு. ‘கோலி’ என்று எழுதிப் பாருங்கள். இங்கே அது பத்துக்குப் பத்து அறை. ஊரில் கண்ணாடிக் குண்டு. தாராவி கோலிவாடாவில் அது நமக்கு முன்பே இங்கு வாழ்ந்த மீனவர்களின் பெயர். தமிழில் ஒரே மாதிரி எழுதும் சொல்லில் வாடகை, பால்யம், கடல் மூன்றும். இந்தியோ மராத்தியோ முதலில் நாக்கில் வந்தால் அப்படியே எழுதுங்கள். தமிழாக்கித் தேடும் நேரத்தில் அடுத்த சொல் நழுவிவிடும்.

முதல் சுற்று ஏழு நிமிடம், கை நிற்காமல். தடைபட்டால் சொல் எழுதாத வெற்றுக் கோடுகள் இரண்டு இழுத்து வையுங்கள். காலியாக நிற்கும் கோட்டைப் பார்த்தால் கை நிரப்பத் துடிக்கும். பிறகு இருபது நிமிடம் தாளை மூடிவிட வேண்டும். இதைப் பலரும் தவிர்க்கிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. முதல் சுற்றில் வருவது எல்லோருக்கும் வருவது.

இரண்டாம் சுற்றில் புதிய கிளை தேட வேண்டாம். எதிரெதிர் ஓரங்களில் இருக்கும் இரண்டு சொற்களை வட்டமிட்டு, ஒரு வினைச்சொல்லால் கட்டி வாக்கியமாக்குங்கள். ‘பஸ்’ கிளையின் நுனியில் ‘டிரைவர்’, ‘பானை’ கிளையின் நுனியில் ‘பால்’. பால் பொங்கும்வரை டிரைவர் பஸ்ஸை எடுக்க மறுக்கிறார். கதை பிறந்துவிட்டது. இப்படி ஐந்து வாக்கியம் எழுதி நாலைத் தள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சொற்களைக் கட்டினால் ‘பானையில் பால் பொங்கியது’ என்றுதான் வரும்.

தேர்ந்த வாக்கியம் புதுத் தாளின் நடுவுக்குப் போகட்டும். இந்தத் தடவை கிளைகள் கேள்விகள்: யார் அவசரப்படுகிறார், எது தடுக்கிறது, என்ன சத்தம், எத்தனை மணி, டிரைவருக்கு எந்த ஊர். பதில்கள் நிரம்பியதும் 1, 2, 3 என்று எண் போட்டால் காட்சி வரிசை கிடைக்கும்.

ஒரே கிளை மட்டும் புடைத்து மற்றவை மெலிந்து கிடந்தால் அதை வெட்ட வேண்டாம்; உங்கள் உண்மையான நடு அதுதான், அதை வைத்து மறுபடி ஆரம்பியுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து நாடகம் எழுதுவதானால் முதல் ஏழு நிமிடம் தனித்தனித் தாளில் போடுங்கள். பொதுத் தாளில் தொடங்கினால் முதலில் வாய் திறந்தவரின் கிளையிலேயே எல்லோரும் தொங்குவார்கள். போன் செயலிகள் பிறகு சீராக்கி வைக்க உதவும். தொடக்கத்தில் அவை வேண்டாம்: சின்னத் திரையில் ஒரு மூலைதான் தெரியும், ‘பால்’ தெரியும்போது ‘டிரைவர்’ மறைந்திருப்பார்.