ரெண்டு வார நாய்க்குட்டிக்கு டெஸ்ட் எடுக்கப் போறீங்களா, வயசை மட்டும் விட்டுராதீங்க

தாய் நாய் லாரில அடிபட்டுப் போயிட்டு, இப்பதான் கண்ணு தொறந்த குட்டியள நாங்கதான் பால் குடுத்து வளக்கோம், மார்த்தாண்டம் பக்கம். அதுல ஒண்ணு சொணங்கிப் படுத்துட்டு. வெள்ளனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனா டாக்டர் கோமாரி ஊசி முகாமுக்குப் போயாச்சு, நாளைக்கு வாங்க, வரும்போது ரத்தம் யூரின் டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு அங்க நின்ன ஆளு அனுப்பி விட்டுட்டாரு.

யூரின் புடிக்கது லேசுதான். இந்த வயசுல அதுவா பெய்யாது, தாய் நக்கி விடணும், நாம பஞ்சை வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு அடியில தடவுனா சொட்டிரும்.

லேப்லதான் கொடுமை. கவுண்டர்ல இருந்த பிள்ளை வயசு கேட்டுது, ரெண்டு வாரம்னேன். கம்ப்யூட்டர்ல வாரம் போட எடமே இல்லையாம், 2ன்னு தட்டி விட்டுட்டு. அய்யோ அது ரெண்டு வயசுன்னு ஆயிரும்லான்னு கேட்டா, அதெல்லாம் ஒண்ணும் ஆவாது அண்ணேன்னு அடுத்த ஆளைக் கூப்புட்டுட்டு.

ரிப்போர்ட் வந்தா எல்லாம் பெரிய நாய் கணக்கு. மூத்திரம் எவ்வளவு கெட்டின்னு காட்டுற ஸ்பெசிஃபிக் கிராவிட்டி 1.010, கம்மின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, யூரின்ல சர்க்கரை ஒரு ப்ளஸ், ரத்தத்துல கிரியாட்டினினும் (சதையில இருந்து வர்ற கழிவு, கிட்னி வடிகட்டுறது) கம்மி. மெடிக்கல்ல காட்டுனா கிட்னி போச்சு, ஜென்டாமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக் போட்டா கேக்கும்னு மருந்தை எடுத்தே வச்சுட்டாரு. நல்லவேளை, டாக்டர்ட்ட கேட்டுட்டு வாறேன்னு வந்துட்டேன்.

மறுநாள் டாக்டரம்மா மொதல்ல குட்டியத் தொட்டுப் பாத்தாவ, என்ன இது இப்படிச் சில்லுன்னு கெடக்குன்னாவ. மழைக்குளிர்ல ஒடம்பு சூடு எறங்கிருக்கு, அவ்வளவுதான். பல்பு கட்டி, சூடு ஏறுன பெறவுதான் பால் குடுக்கணுமாம், சில்லுன்னு இருக்கும்போது ஊத்துனா செரிக்காது.

ரிப்போர்ட்டுக்கு வந்தோம். கன்னுக்குட்டிக்கு பொறந்த கொஞ்ச நாள்லயே கிட்னி பெரிய மாடு மாதிரி வேலை செஞ்சிரும், நாய்க்குட்டிக்கு அப்படி இல்ல, வடிகட்டுற அமைப்பே பொறந்த பெறவும் ரெண்டு மூணு வாரம் வரை உருவாகிட்டுதான் இருக்கும், மூத்திரத்தைக் கெட்டியாக்குற சக்தி முழுசா வர ரெண்டு மாசம் கிட்ட ஆவும்னாவ. அதனால தண்ணி மாதிரி போறதுதான் சரி, லேசா சர்க்கரை தெரியதும் இந்த வயசுல சகஜம், சதையே இல்லாத குட்டிக்கு கிரியாட்டினின் கம்மியாத்தானே இருக்கும்? மஞ்சளா போனாதான் பயப்படணும், நீர் வத்துதுன்னு அர்த்தம். தண்ணியப் புடிச்சு வைக்கத் தெரியாத கிட்னி, ஒரு வேளை பால் தவறுனாலே சீக்கிரம் வத்திரும். தோலை இழுத்துப் பாக்குறதும் இதுகள்ட்ட எடுபடாது, ஈறு ஈரமா இருக்கான்னு பாருங்க.

ஜென்டாமைசின்னு சொன்னதும் டாக்டரம்மாவுக்கு வந்த கோவத்தைப் பாக்கணுமே! அது கிட்னியவே பதம் பாக்குற மருந்தாம், இந்த வயசுக்குக் கிட்டயே கொண்டு வரக்கூடாது, பெரிய நாய்க்கு வாங்குன வலி மருந்தும் அப்படித்தான்.

குட்டி இப்ப பாட்டில விட மாட்டேங்கு. லேப்ல வயசைத் திருத்தச் சொன்னா புதுசா பில் போடணுமாம், நான் விடல, அங்கயே நின்னு சத்தம் போட்டு, ரெண்டு வாரக் குட்டின்னு பேனால எழுதி சீல் குத்தி வாங்கிட்டுதான் வந்தேன். நீங்க போனா பில் அடிக்க முன்னாடியே ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க.