என் மீன் எங்க டீச்சர்?

எல்கேஜி பிள்ளைங்களுக்கு டீச்சரா 11 வருஷம் ஆச்சு, எல்லா வருஷமும் ஸ்போர்ட்ஸ் டே டெக்கரேஷன் எங்க தலையிலதான். பாக்க வாறவங்களுக்கு அது கலர் பேப்பர் தோரணம், எங்களுக்கு அது ரெண்டு மூணு வாரம் வீட்டுல சோறு பொங்கிப் போட்டதுக்கு அப்புறம் உக்காந்து வெட்டி ஒட்டுற வேலை. நாகர்கோவில் வடசேரிக்கு பஸ் ஏறிப்போய் சார்ட், கிரேப் பேப்பர், ஃபோம் ஷீட், குளூ கன் குச்சி எல்லாம் வாங்கிட்டு வருவோம், குளூ கன்ல விரல் பொள்ளாத டீச்சர் யாருமே இருக்க மாட்டாங்க.

நான் முதல்ல வேலை பாத்த இடத்துல ஒரு வருஷம் கடல்தான் தீம். நம்ம பிள்ளைங்களுக்கு கடலை சொல்லியா குடுக்கணும், பேப்பர் தட்டுல ஆளுக்கு ஒரு மீன் பண்ணச் சொன்னோம், சாளை, சூரை, நெத்திலினு அதுங்களே பேரு சொல்லி பெயிண்ட் அடிச்சுது. ஒரு குட்டி, மூன்றரை வயசு இருக்கும், கண்ணை கொண்டுபோய் வாலுகிட்ட ஒட்டி வச்சிருந்தா. நான் மாத்தல, அவளுக்கு அது அங்கதான் வேணும்னா அங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேனேஜ்மென்ட்ல இருந்து ஆள் வந்து பாத்துட்டு, என்ன டீச்சர் எல்லாம் கோணல்மாணலா இருக்கு, நாளைக்கு பேரண்ட்ஸ் வருவாங்க, இதை எடுத்துட்டு நீட்டா பண்ணுங்கன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. நானும் இன்னொரு டீச்சரும் ராத்திரி 11 மணி வரை இருந்து ஃபோம் ஷீட்ல நாப்பது மீன் வெட்டி ஒட்டினோம், எல்லாம் ஒரே அளவு, ஒரே சிரிப்பு.

காலைல அந்த குட்டி அம்மை கையை பிடிச்சிட்டு வந்து செவுரு ஓரமா ஒவ்வொரு மீனா பாத்துக்கிட்டே போனா. கடைசி வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து என் சேலையை பிடிச்சு இழுத்து, "என் மீன் எங்க டீச்சர்? வாலுகிட்ட கண்ணு வச்சேன்லா"ன்னு கேட்டா. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல, கடலுக்கு போயிட்டு மக்களேன்னு சொல்லிட்டேன். அவ அதை நம்பிட்டா. எப்ப வரும்னு கேட்டா. சாயங்காலம் எல்லாரும் போனதுக்கு அப்புறம் பின்னாடி குப்பை சாக்குல தேடிப் போனேன், அதுக்குள்ள ஆயா தீ வச்சுட்டாங்க, அவங்க மேல தப்பு இல்ல, தினமும் பண்ற வேலை. இப்பவும் ஃபோம் ஷீட்டை கண்டா எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருது.

இப்ப இருக்கிறது கருங்கல் பக்கம் ஒரு சின்ன ஸ்கூல், நர்சரில 46 பிள்ளைங்க. சேர்ந்த வருஷமே ஹெச்எம் கிட்ட சொன்னேன், மேடம், டெக்கரேஷன் பிள்ளைங்க கையாலதான் பண்ணணும், கோணலா இருந்தா கோணலாவே தொங்கட்டும்னு. அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, சரி டீச்சர் ஒரு வருஷம் பண்ணிப் பாருங்கன்னாங்க.

நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்கு மீட், அக்டோபர் கடைசிலயே ஆரம்பிச்சோம், நவம்பர் 1 நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த நாளுக்கு உள்ளூர் லீவு வரும், மழை லீவும் எப்ப வரும்னு தெரியாது, அதனால கடைசி வாரத்தை நம்ப முடியாது. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், எட்டு பிள்ளைங்க ஒரு செட், அதுக்கு மேல அதுங்க உக்காராது. மூணு வயசு பிள்ளை கையில கத்தரிக்கோலை குடுத்து வட்டமா வெட்டுன்னா அழத்தான் செய்யும், ஆனா பேப்பரை கிழிக்கச் சொல்லிப் பாருங்க, நாள் முழுக்க கிழிக்கும். கிழிக்கிறதும் கசக்கி உருட்டுறதும் சும்மா விளையாட்டு இல்ல, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கப் பழகுறது அங்கதான், பின்னால பென்சில் பிடிக்கிறதுக்கு அந்த பலம் வேணும். நாலு நாலரை வயசு ஆனா முனை மழுங்கின கத்தரிக்கோல்ல நேர் கோடு வெட்டிடுவாங்க, அவங்களுக்கு பேப்பர் சங்கிலி வேலை.

பசைக்கு மரச்சீனி (மரவள்ளி) மாவை காய்ச்சினோம், பூச்சி வராம இருக்க துரிசு, அதான் மயில்துத்தம், போடுங்கன்னு ஒரு பாட்டி சொன்னாங்க, அது விஷம், இதுங்க விரலை வாயில வைக்காம இருக்காது, வேண்டாம்னுட்டோம். ரெண்டு நாளைக்கு ஒருக்கா புதுசா காய்ச்சினா போச்சு. தோரணத்துக்கு கோரா துணியை முக்கோணமா வெட்டி, வெண்டைக்காய் காம்பு பக்கம் நறுக்கி ஃபேப்ரிக் பெயிண்ட்ல முக்கி பதிக்க வச்சோம், ஒவ்வொரு பதிப்பும் ஒரு பூ. ஒலிம்பிக் வளையத்துக்கு டம்ளர் வாயை பெயிண்ட்ல முக்கி பெரிய சார்ட்ல பதிச்சாங்க, மேல நீலம் கருப்பு சிவப்பு, கீழ மஞ்சள் பச்சைன்னு நான் சொல்லிட்டே இருக்கேன், ஒருத்தன் கைதட்டி "டீச்சர் அச்சுமுறுக்கு"ன்னான், அதுக்கப்புறம் கிளாஸ் பூரா அது அச்சுமுறுக்கு கொடிதான்.

ஓலை வேலைக்கு அம்மாக்களை கூப்பிட்டோம். நாலஞ்சு பேர் வந்தாங்க, அதுல ஒருத்தங்க அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரிக்கொட்டை ஃபேக்டரில, தோடு உடைக்கிற வேலை, ஞாயித்துக்கிழமை லீவுல வந்திருந்தாங்க. கொட்டைத் தோட்டுல இருக்கிற அண்டிப்பால் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்து தோலு உரிஞ்சு இருக்கும், முதல்ல கையை சேலை முந்தியில மறைச்சு மறைச்சு வச்சிட்டு இருந்தாங்க. ஓலையை எடுத்ததும் அதெல்லாம் மறந்துட்டாங்க. நடு நரம்பான ஈர்க்கிலை நீக்கி ரெண்டு கீத்தை மடக்கி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைச்சு இழுத்தா காத்தாடி, நான் அதை எண்ணி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது. கிளி, பாம்பு, வாட்ச், பந்து எல்லாம் பண்ணினாங்க. குருத்தோலை எடுக்கலாமான்னு கேட்டேன், "வேண்டாம் டீச்சர், குருத்த வெட்டுனா மரம் தளந்து போவும், பச்சை ஓலையே போரும்"னாங்க. அவங்க மகன் பக்கத்துல நின்னு எல்லார்கிட்டயும் எங்க அம்மை, எங்க அம்மைன்னு சொல்லிட்டே இருந்தான். காத்தாடி செருகுற ஈர்க்கில் முனையை மட்டும் நாங்க உடைச்சு துணி டேப் சுத்தினோம், கண்ணுல குத்திரக் கூடாதுல்லா.

மெடலும் கையால பண்ணினதுதான், அட்டையை வட்டமா வெட்டி மஞ்சள் அடிச்சு நடுவுல அந்தந்த பிள்ளையோட பெருவிரலை பதிச்சு வச்சோம், 46 பிள்ளைக்கும் 46. ஓடும்போது கழுத்துல கயிறு கிடக்கக் கூடாதுன்னு முடிஞ்ச பிறகுதான் போட்டுவிட்டோம்.

மீட் அன்னைக்கு காலைல பத்து மணிக்கு தவளை ஓட்டம் நடந்திட்டு இருக்கும்போது மழை. பத்து நிமிஷம்தான், ஆனா நல்ல மழை. வாசல் ஆர்ச்சுக்கு மட்டும் கடையில வாங்கின சிவப்பு கிரேப் பேப்பர் சுத்தியிருந்தோம், அது சாயம் இறங்கி கீழ நின்ன பிள்ளைங்க வெள்ளை சட்டையெல்லாம் ரோஸ் ஆயிட்டு, பேரண்ட்ஸ் கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன். பிள்ளைங்க பண்ணின பேப்பர் சங்கிலியும் ஊறி அறுந்து விழுந்துட்டு. துணித் தோரணத்துக்கு ஒண்ணும் ஆகல. ஓலைக் காத்தாடி மழை நின்னதும் வீசின காத்துல எல்லாம் ஒண்ணா சுத்த ஆரம்பிச்சுது, டிராக்ல நின்ன பிள்ளைங்க ஓட மறந்து அதையே பாத்துட்டு நின்னாங்க, நாங்களும் விசில் அடிக்கல.

பரிசு குடுக்கும்போது ஒரு பையன் மெடலை கையில வாங்கி விரலை அதுமேல வச்சு வச்சு பாத்தான். "டீச்சர், இது என் விரலு." ஆமா மக்களேன்னேன். போய் அவன் தாத்தா விரலையும் பிடிச்சு அதுமேல வச்சுப் பாத்தான், பெருசா இருந்துச்சு, "தாத்தாக்கு பத்தல"ன்னு சத்தமா சொன்னான்.

இந்த வருஷத்துக்கு கோரா துணி வாங்கியாச்சு, ஆர்ச்சுக்கும் கிரேப் பேப்பர் கிடையாது. நேத்து அண்டி ஆபீஸ் விட்டு போற வழியில அந்த அம்மா கேட்டுல நின்னு சொல்லிட்டுப் போனாங்க: "டீச்சர், ஓலை நான் கொண்டு தாறேன், நீங்க முன்னாடியே வெட்டி வச்சிராதீங்க, சுருண்டு போவும். மொத நாளு சாயங்காலம் வெட்டி நனைஞ்ச சாக்கு போட்டு மூடி வச்சா போரும்."