இரவு ஒன்பது மணிக்கு வந்த வேன்

"சார், குழந்தை என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள். இன்னும் பத்து நிமிடத்தில் வேன் வரும் என்று உங்கள் ஆப் சொல்கிறது. எந்த வேன்?"

இரவு ஒன்பதே காலுக்கு வந்த அழைப்பு இது. பள்ளி வேன் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்லும் மென்பொருளை நாங்கள் மூன்று பேர் கோவையில் உட்கார்ந்து நடத்துகிறோம். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் பன்னிரண்டு பள்ளிகள். அழைத்த அம்மா நூற்பாலையில் வேலை செய்பவர். ஷிப்டுக்குள் போனால் போனை அணைத்து வைத்துவிட வேண்டும். மாலை 4.20-க்கு நாங்கள் அனுப்பிய அறிவிப்பு, அவர் வீட்டுக்கு வந்து சமைத்து, சாப்பிட்டு, போனை உயிர்ப்பிக்கும்வரை கூகுளின் சர்வரில் காத்துக் கிடந்திருக்கிறது.

கூகுள் மேல் குற்றமில்லை. அவர்களின் அறிவிப்புச் சேவையான ஃபயர்பேஸ் வழியாக ஒரு அறிவிப்பை அனுப்பும்போது அது எத்தனை விநாடி உயிரோடு இருக்கலாம் என்று சொல்ல இடம் உண்டு. சொல்லாவிட்டால் 24,19,200 விநாடி, அதாவது நான்கு வாரம். பூஜ்யம் என்று கொடுத்தால் இப்போதே சேர வேண்டும், இல்லையேல் வேண்டாம். நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை. அந்த அம்மா மாமியார் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் கழித்துப் போனைத் திறந்திருந்தாலும் வேன் வந்திருக்கும்.

மறுநாள் காலை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நாங்கள் அனுப்பும் செய்திகளையெல்லாம் எழுதி, பக்கத்தில் ஒவ்வொன்றின் ஆயுளையும் எழுதினேன். வேன் நெருங்குகிறது: 8 நிமிடம். வேன் பழுதாகி நிற்கிறது: மாற்று வண்டி வரும்வரை. மழை விடுமுறை: காலை ஏழு மணிவரை. (இதில் எங்களை யாரும் நம்பியிருக்கவில்லை. கலெக்டர் அறிவித்த கணமே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.) கட்டண நினைவூட்டல்: ஒரு வாரம். செய்தி அனுப்ப எந்தக் கருவியை வாங்குவது என்று இரண்டு மாதமாக நாங்கள் அடித்துக்கொண்டிருந்த சண்டை, அந்தத் தாளை மேசையில் வைத்ததும் பாதி அடங்கிவிட்டது.

சண்டை என்னவென்றால், அதுவரை எல்லாவற்றையும் சொந்தமாகவே எழுதி வைத்திருந்தோம். ஆப் அறிவிப்புக்கு ஒரு நிரல், எஸ்எம்எஸ்ஸுக்கு ஒன்று, வாட்ஸ்அப்புக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று. நான்கும் ஒன்றையொன்று அறியாதவை. எல்லா வழிகளையும் ஒரே இடத்திலிருந்து நடத்தும் கருவிகள் இன்று நிறைய இருக்கின்றன: கூரியர், நாக், சூப்பர்செண்ட், அப்புறம் நோவு. கடைசிப் பெயரைத் தமிழில் எழுதினால் என் பாட்டியின் மூட்டுவலி நினைவுக்கு வருகிறது. ஆனால் அது திறந்த மூலம், நிரலை இலவசமாக எடுத்து நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். செலவுக் கணக்கு பார்க்கும் நண்பர் அதற்குக் கொடி பிடித்தார். நள்ளிரவில் சர்வர் படுத்தால் எழுந்து பார்ப்பது யார் என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, எல்லோருக்கும் பதில் தெரியும்.

விற்பனையாளர்களின் செயல்விளக்கங்களில் எல்லாக் கருவிகளும் அழகாகத்தான் இருக்கும். பெட்டிகளை அம்புக்குறியால் இணைப்பார்கள், வண்ணம் மாறும், வரைபடம் ஏறும். நான் கேட்கப் பழகிக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: உங்கள் திரையில் பச்சை என்றால் என்ன பொருள்?

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை. தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறிதான். ஆங்கிலத்துக்கு 160. அதிலும் நம் கண் எண்ணுகிறபடி கணினி எண்ணுவதில்லை. 'நிறுத்தத்திற்கு' என்பதில் நமக்கு எட்டு எழுத்து. கணினிக்குப் பதினைந்து, ஏனென்றால் புள்ளியும், இகர உகர அடையாளங்களும் தனித்தனிக் குறிகள். எங்கள் பழைய வாசகம் இது: "தங்கள் மகன்/மகள் வரும் வேன் இன்னும் 10 நிமிடத்தில் நிறுத்தத்திற்கு வரும்." மொத்தம் 73. மூன்று குறி கூடியதற்காக ஒவ்வொரு முறையும் இரண்டு எஸ்எம்எஸ்ஸின் காசு போய்க்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து அதைச் சுருக்கினேன். "வேன் 10 நிமிடத்தில் நிறுத்தத்துக்கு வரும்." 42 குறி. குழந்தையின் பெயரை முன்னால் போட்டாலும் 70-க்குள் நிற்கும். பாதிச் செலவு மிச்சம் என்று எனக்கு நானே தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். 'திற்கு' போய்த் 'துக்கு' வந்ததில், காதுக்கு இதமாக இருக்கிறதே என்ற கூடுதல் திருப்தி வேறு.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஒரு எஸ்எம்எஸ்கூட யாருக்கும் போகவில்லை.

இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் வாசகத்தை தொலைபேசி நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவுசெய்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிமுறையின் வழி வந்த ஏற்பாடு. பெயர், நேரம் போன்ற மாறும் இடங்களைத் தவிர மற்றதெல்லாம் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் செய்திக்குள் வரும் இணைப்புகளும் பதிவானவையாக இருக்க வேண்டும். என் புதிய வாசகம் பதிவில் இல்லை. தொலைபேசி நிறுவனத்தின் வாசலிலேயே அத்தனையும் குப்பைக்குப் போயிருக்கின்றன. அப்போது நாங்கள் பயன்படுத்திய சேவையின் திரையிலோ இரண்டு நாளும் முழுப் பச்சை. அவர்கள் அகராதியில் பச்சை என்றால் 'உங்கள் கோரிக்கையை வாங்கிக்கொண்டோம்' என்று பொருளாம்.

ஆப் அறிவிப்பிலும் இதே கதைதான். ஃபயர்பேஸ் 'சரி' என்றால், தான் பெற்றுக்கொண்டதாகத்தான் பொருள், போனில் ஒலித்தது என்று அல்ல. ஆண்ட்ராய்டு 13 முதல் அனுமதி கேட்டால்தான் அறிவிப்பே காட்ட முடியும். பலர் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று ஆப்பின் கழுத்தை நெரிக்கும் போன்களும் உண்டு. அதனால் அறிவிப்பு திரையில் தோன்றியதும் எங்கள் ஆப்பே ஒரு 'வந்தது' அனுப்பும்படி செய்தோம். 45 விநாடிக்குள் அது வராவிட்டால் எஸ்எம்எஸ் போகும். எட்டு நிமிட ஆயுளில் 45 விநாடி காத்திருக்கலாம். கட்டண நினைவூட்டலுக்கு எஸ்எம்எஸ்ஸே வேண்டாம், மறுநாள் மாலை வாட்ஸ்அப்பில் போனால் போதும்.

வாட்ஸ்அப்பில் ஒரு எச்சரிக்கை. ரசீதுக்கும் விளம்பரத்துக்கும் அங்கே வேறு வேறு வகை, வேறு வேறு விலை. 2025 ஜூலை முதல் வார்ப்புருச் செய்திகளுக்கு, அதாவது முன்பே ஒப்புதல் வாங்கிய மாதிரி வாசகங்களுக்கு, செய்திக்குச் செய்தி கட்டணக் கணக்கு. ரசீதின் அடியில் "புதிய சேர்க்கைக்குச் சலுகை" என்று பள்ளிக்காரர் ஒரு வரி சேர்க்கச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். மற்றபடி அதன் அருமை, பெற்றோர் பதில் எழுத முடிவதுதான். "இன்று காய்ச்சல், வரமாட்டான்" என்று காலை ஆறரைக்கு ஒரு வரி வந்தால், டிரைவர் அண்ணனுக்கு அந்தத் தெருவுக்குள் திரும்பும் வேலை மிச்சம்.

கடைசியில் எதை வாங்கினோம் என்று கேட்பீர்கள். நோவு வேண்டாம் என்று முடிவானது, மேலே சொன்ன நள்ளிரவுக் காரணத்தால். பணம் கட்டும் சேவை ஒன்றை எடுத்தோம். செய்திக்குச் செய்தி ஆயுள் வைக்க முடிகிறது, ஒரே செய்தியைத் தவறி இரண்டு முறை கொடுத்தால் இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. எல்லாவற்றையும்விட, ஒரு அம்மா அழைத்தால் அவர் எண்ணைத் தட்டி 4.20-க்குப் புறப்பட்ட அறிவிப்பு எங்கே, எத்தனை மணிவரை நின்றது என்று அவர் போனை வைப்பதற்குள் சொல்ல முடிகிறது. எஸ்எம்எஸ் வாசகங்களை மட்டும் நான் தனித் தாளில் பூட்டி வைத்திருக்கிறேன். என்னிடமிருந்தே காப்பாற்றுவதற்காக.

எந்தக் கருவியிலும் அடங்காத ஒருவர் இருக்கிறார். உடுமலைக்கு அருகே ஒரு நிறுத்தத்தில் பேத்தியை அழைத்துப்போக வரும் தாத்தா. பட்டன் போன். எழுத்துப் பொடியாக இருக்கிறது, எஸ்எம்எஸ் படிக்க முடியாது என்றார். அவருக்கென்று தானியங்கிக் குரல் அழைப்பு ஒன்றை அமைத்தோம். எடுத்தால் "வேன் வருகிறது" என்று பதிவுசெய்த குரல் சொல்லும். ஒரு வருடமாக அவர் ஒருநாள்கூட எடுத்ததில்லை. எங்கள் திரையில் அவர் பெயருக்கு நேரே தினமும் சிவப்பு: 'அழைப்பு தோல்வி'. ஒருநாள் பொறுக்காமல் நானே அழைத்து, ஏன் எடுப்பதில்லை என்று கேட்டேன்.

"எதற்குத் தம்பி எடுக்க வேண்டும்? மணி அடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்" என்றார்.