காவேரிப்பாக்கம் ஏரியில் விரால்: அடி விழுந்தும் முள் ஏறாதது ஏன்?

வேலூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை தாண்டினால், சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியே காவேரிப்பாக்கம் வந்துவிடும். ஏரி மூன்றாம் நந்திவர்ம பல்லவன் காலத்தது என்பார்கள். இன்றும் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, தை, மாசியில் நீர் தெளிந்து, ஓரமெல்லாம் அல்லியும் கோரையும் நிற்கும் நாட்கள்தான் லூர் (செயற்கை இரை) போட ஏற்றவை. மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் தூண்டிலைப் பிரிக்க வேண்டும்.

இங்கே மென்மையான சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் போடுபவர்கள் எல்லாரிடமும் ஒரே புலம்பல்: விரால் பத்து முறை லூரைத் தாக்குகிறது, அதாவது பத்து அடி விழுகிறது, இரண்டு மீன்தான் கரைக்கு வருகிறது. பெரும்பாலும் பழி தூண்டில் கம்பான ராடுமேல் விழும். என் கணிப்பில் குற்றம் தூண்டில் முள்ளிலும், அதைக் கோர்த்த விதத்திலும், அவசரத்திலும் இருக்கிறது.

இந்த லூர்களில் பெரும்பாலானவை வட அமெரிக்காவின் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்காக உருவானவை. பாஸ் வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். விரால் பாய்ந்து பல்லால் கவ்வும், தாடையெலும்பு கெட்டி. பாதி வாயில் கவ்விய மீனைச் சுண்டினால் பிளாஸ்டிக் மட்டும் திரும்பி வரும்.

முதலில் முள். நுனியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுங்கள். கீறிக்கொண்டு நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் அரம் போடுங்கள், இல்லை மாற்றுங்கள். கரைக்கல்லில் ஒருமுறை உரசினாலே கூர் போய்விடும், அதனால் அடிக்கடி பார்க்க வேண்டும். 4 அங்குல ஷேடுக்கு (சிறு மீன் வடிவ லூர்) 3/0 அளவு ஆஃப்செட் முள் (கழுத்தில் மடிப்புள்ளது), 5 அங்குலத்துக்கு 4/0. முள்ளின் வாய் அகலம் பிளாஸ்டிக்கின் பருமனைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். குறைந்தால், இழுக்கும்போது பிளாஸ்டிக் சுருண்டு அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும், நுனிக்கு வெளியே வர வழியே இருக்காது.

கோர்க்கும்போது மூக்கில் குத்தி அரை சென்டிமீட்டர் உள்ளே விட்டு, அடிப்பக்கம் வெளியே எடுத்து, முள்ளின் மடிப்பு மூக்கில் உட்காரும் வரை இழுத்துத் திருப்புங்கள். பிறகு முள்ளை உடம்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வளைவு எங்கே வருகிறதோ அந்த இடத்தில் வயிற்றிலிருந்து முதுகுக்கு நேராகக் குத்துங்கள். நுனி முதுகுத் தோலில் 2 மில்லிமீட்டர் மட்டும் ஒளிந்திருந்தால் போதும்: கோரையில் மாட்டாது, கடித்ததும் உடனே வெளிப்படும். உடம்பு கொஞ்சம் வளைந்து நின்றாலும் லூர் சுழலும், தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்ளும்.

அல்லி இலைமேல் ஓட்ட உள்ளே பொள்ளலான ரப்பர் தவளை லூர்தான் சரி. புதுத் தவளையில் இரட்டை முள் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். குறடால் இரண்டையும் லேசாக மேலேயும் வெளியேயும் விரியுங்கள். அதிகம் விரித்தால் பாசியை வாரும். ரப்பர் கால்கள் நீளமாயிருந்தால் மீன் காலை மட்டும் பிடித்துவிட்டுப் போகும், ஆகவே பாதியாக வெட்டுங்கள். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை உள்ளே புகுந்த தண்ணீரைப் பிதுக்கிவிடுங்கள். தண்ணீர் நிறைந்த தவளை கடிக்கும்போது நசுங்காது, முள்ளும் வெளியே வராது.

அடுத்தது கை. தண்ணீர் வெடித்ததும் சுண்டாதீர்கள். ராடு நுனியைத் தாழ்த்தித் தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுங்கள். கனம் கையில் தெரிந்த பிறகு ஒரே இழுப்பாகப் பக்கவாட்டில் இழுங்கள். நைலான் நரம்பு நீளும், 20 மீட்டர் தள்ளி அந்த இழுப்பில் பாதி வீணாகும். 30 முதல் 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நரம்பு) போடுங்கள். ரீலில் நரம்பு நழுவுவதைக் கட்டுப்படுத்தும் டிராக்கை, நரம்பைக் கையால் இழுத்தால் சிரமப்பட்டே நழுவும் அளவுக்கு இறுக்கி வையுங்கள்.

காவேரிப்பாக்கத்தில் இன்னொன்றும் உண்டு. கரை உயரம். மேலே நின்றபடி இழுத்தால் நரம்பு செங்குத்தாக ஏறி, தவளையின் மூக்கு தூக்கிக்கொள்ளும், மீனின் அடி தவளைமேல் விழாமல் பக்கத்தில் விழும். கல் பதித்த சரிவில் இறங்கி, பாசி பிடிக்காத கல்லாகப் பார்த்து நில்லுங்கள். குறுக்குக் காற்று அடித்தால் நரம்பு வயிறு போட்டு நிற்கும். ராடு நுனி தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தவறிய மீன் பெரும்பாலும் ஓடிவிடுவதில்லை. அதே பொந்துக்கு ஓரடி தாண்டி உடனே மறுபடி போடுங்கள். வரவில்லையென்றால் ஈயமில்லாத ஷேடை மெதுவாக மூழ்கவிடுங்கள். சிவந்த குஞ்சுக் கூட்டம் மேலே கொதித்தால் மட்டும் அங்கே போடாதீர்கள், தாயும் தகப்பனும் காவல் இருக்கும். பிடித்தால் குஞ்சுகள் அழியும்.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் அடி குறையும். ஆற்காடு வழியாகத் திரும்பினால் மக்கன் பேடா வாங்கலாம். அதற்குள் லூர் பையை வண்டியின் முன்கண்ணாடிக்கடியில் விட்டுவிடாதீர்கள். நம்மூர் வெயிலில் பிளாஸ்டிக் வளைந்து, ஒரு நிறம் இன்னொன்றில் ஏறி, அடுத்த முறை கோர்க்கும்போது நேராகவே நிற்காது. வாங்கிய உறையிலேயே தனித்தனியாக வையுங்கள். கிழிந்த மூக்கை ஒரு சொட்டு ஃபெவிக்விக் ஒட்டிவிடும்.