பிரஷர் ஏறியதற்கு மெனோபாஸ் மட்டும்தான் காரணமா?

எனக்கு 49 வயது. பீரியட்ஸ் இரண்டு மாதம் வராமல் இருந்து திடீரென்று கொட்டும், ராத்திரியில் வியர்த்து விழிப்பு வரும், படபடப்பு வேறு. எந்த டாக்டரிடம் போனாலும் "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா, மெனோபாஸ்" என்பார்கள். பிரஷர் 160/100 காட்டியபோதும் அதே பதில்தான், கூடவே ஒரு ஆம்லோடிபின் மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் ரத்தக்குழாய்கள் இறுகும், உப்பும் முன்பைவிட அதிகமாக உடம்பில் தங்கும், அதெல்லாம் உண்மைதான். அதற்காகக் கிட்னியை எட்டிக்கூடப் பார்க்காமல் விடுவதா?

கால் வீங்கியது. அந்த மாத்திரைக்கு, அதுவும் பெண்களுக்கு, கால் வீங்குவது வழக்கம் என்றார்கள். ஆனால் சிறுநீரில் நுரை நிற்கிறதே என்றுதான் கிட்னி டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "பிரசவத்தப்ப பிரஷர் இருந்துச்சா?" இருந்தது. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது எட்டாவது மாதத்தில் முகமெல்லாம் வீங்கி, அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அப்படி இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பிரஷரும் கிட்னிக் கோளாறும் வர வாய்ப்பு அதிகமாம். இத்தனை வருஷத்தில் வேறு யாரும் இதைக் கேட்டதில்லை.

தசையிலிருந்து ரத்தத்தில் சேர்ந்து, கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவுக்குக் கிரியாட்டினின் என்று பெயர். எனக்கு அது 1.1. லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்றே இருந்தது. டாக்டர் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது கிட்னி வடிகட்டும் அளவு 62 என்று வந்தது. இதே 1.1 என் வயது ஆணுக்கு இருந்தால் 80-க்கு மேல் வருமாம், நமக்குத் தசை குறைவு என்பதால் இந்த வித்தியாசம். அப்புறம் சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொன்னார், அல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்று அதில் தெரியும். 30-க்குள் இருக்க வேண்டியது, எனக்கு 140.

ஒரு தடவை பார்த்து முடிவு சொல்ல மாட்டார்கள். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, பீரியட்ஸ் ரத்தம் கலந்தது என எது இருந்தாலும் எண் ஏறும், அதனால் மூன்று மாதம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். பீரியட்ஸ் எப்போது வரும் என்றே தெரியாத வயதில் இதற்கு நாள் குறிப்பது பெரிய கூத்து. காலையில் கிளம்பும்போது இல்லை, லேப் வாசலில் வந்துவிட்டது! லேபில் யாரும் கேட்கவும் மாட்டார்கள், நாமாகத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ரிப்போர்ட்டும் அப்படியே வந்ததும் டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்தார்கள், புரதம் கசிவதையும் அது குறைக்கும். பீரியட்ஸ் முழுசாக நிற்காதவரை கர்ப்பமாகும் வாய்ப்பு உண்டு, இந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளையின் கிட்னியைப் பாதிக்கும், அதனால் கவனம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்தாயிற்று. வயிற்றுவலிக்குப் போடும் மெஃப்டால் கூடாது, பாராசிட்டமால் போதும் என்றார்கள்.

உப்பு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம்தான், வீட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அரிதாகிவிட்டது. நாத்தனார் இந்துப்பு வாங்கித் தந்தார். அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான். கடையில் 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், டெல்மிசார்டன் எடுக்கும் கிட்னிக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

இப்போது பிரஷர் 130/80 பக்கம் நிற்கிறது, கசிவும் 60-க்கு இறங்கியிருக்கிறது. ராத்திரி வியர்வை மட்டும் அப்படியே. ஹார்மோன் மாத்திரை போடலாமா என்று மகப்பேறு டாக்டரிடம் கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் பிரஷர் இப்படியே நிற்கட்டும், அப்புறம் பேசலாம் என்றிருக்கிறார்.